போர் நடக்கும்போது நாடாளுமன்றம் என்ன செய்யணும்?

(நசரத்பேட்டையில் நமது தகவல் தொழில்நுட்ப அணி சார்பில் நடந்த மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாத தோழர்கள் பலர் கேட்டதால் இங்கே பதிவிடுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.)



2025 மே மாதம் உங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஆபரேஷன் சிந்தூர் நடந்துக்கிட்டு இருந்தது. மே 10ஆம் தேதி கழகத் தலைவர் மு.க.ஸ்டாலின் தலைமையில சென்னையில ராணுவத்துக்கு ஆதரவா பேரணியே நடந்தது. அதுல நமக்கு எந்தத் தயக்கமும் இல்ல. சண்டை நின்ன பிறகு, நாடாளுமன்றத்தோட சிறப்புக் கூட்டத்தைக் கூட்டுங்கன்னு எதிர்க்கட்சிகள் கேட்டாங்க. உடனே வாட்ஸ்அப்ல ஒரே மாதிரி ஃபார்வர்டு வர ஆரம்பிச்சது: "எல்லையில வீரன் நிக்கிறான், நீங்க டெல்லியில கேள்வி கேட்கணுமா? நீங்க யார் பக்கம்?" கூட்டம் கூட்டப்படல. ஜூலை 21 வரைக்கும் காத்திருந்து, வழக்கமான மழைக்காலக் கூட்டத்தொடர்லதான், ஜூலை 28ஆம் தேதி மக்களவையில விவாதமே தொடங்குச்சு.

அந்த ஃபார்வர்டுக்கு நம்ம ஆளுங்க பல பேர் கோபமா பதில் போட்டாங்க. கோபம் போதாது. வரலாறு நம்ம பக்கம் இருக்கு, அதைத் தெரிஞ்சுக்கிட்டு பேசணும். அதுக்குத்தான் இன்னைக்கு 1962க்குப் போறோம்.

1962 அக்டோபர் 20 காலையில சீனப் படை தாக்குது. நம்காச்சு ஆற்றங்கரையில இருந்த நம்ம 7ஆவது பிரிகேடு அன்னைக்கே சிதறிப் போச்சு. அந்த நேரத்துல ஜன சங்கத்தைச் சேர்ந்த 37 வயசு மாநிலங்களவை உறுப்பினர் ஒருத்தர், நாடாளுமன்றத்தை உடனே கூட்டணும்னு கேட்கிறார். அவர் பேரு அடல் பிகாரி வாஜ்பாய். ஆமா, அவரேதான். பிரதமர் நேரு "போர் முடியட்டும்"னு சொல்லல. குளிர்காலக் கூட்டத்தொடரை முன்னாடி கொண்டுவந்து நவம்பர் 8ஆம் தேதி கூட்டினார். ரகசியக் கூட்டமா நடத்தலாம்னு ஒரு யோசனை வந்தது. அதையும் அவர் ஏத்துக்கல. நாட்டு மக்களுக்குத் தெரியணும்னு திறந்த அவையிலேயே விவாதம் நடந்தது. 165 உறுப்பினர்கள் பேசினாங்க. நவம்பர் 14ஆம் தேதி தீர்மானம் நிறைவேறுச்சு. அப்பவும் எல்லையில சண்டை முடியல. சேலா, பொம்டிலா எல்லாம் அதுக்கு அப்புறம்தான் விழுந்தது.

அந்த விவாதத்துல நேரு வாங்கிக் கட்டிக்கிட்டது கொஞ்சநஞ்சம் இல்ல. அவர் கட்சிக்காரங்களே கேட்டாங்க. பாதுகாப்பு அமைச்சரா இருந்த கிருஷ்ண மேனன் அவை கூடுறதுக்கு முதல் நாள், நவம்பர் 7ஆம் தேதி, அமைச்சரவையை விட்டே வெளியேற வேண்டியதாச்சு. எதிரி உள்ளே வந்துக்கிட்டு இருக்கும்போது பாதுகாப்பு அமைச்சரை மாத்துறாங்க! இன்னைக்கு யாராவது அப்படிக் கேட்டா என்ன பேர் வைப்பாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

சரி, மேனன் மேல அவ்வளவு கோபம் ஏன்? இதுதான் இன்னைக்கு நான் முக்கியமா பேச வந்த விஷயம். அதிகாரிகளோட பதவி உயர்வு.

கேட்கவே சலிப்பான விஷயம் இது. மேஜர் ஜெனரல்ல இருந்து லெப்டினன்ட் ஜெனரல், கெஜட்ல ஒரு வரி, யாரும் படிக்க மாட்டாங்க. ஆனா 1959ல அந்த ஒரு வரிக்காக ராணுவத் தலைமைத் தளபதி திம்மையா ராஜினாமா கடிதமே கொடுத்தார். மேனனோட அவருக்கு இருந்த மோதல்ல முக்கியமான ஒண்ணு, பி.எம்.கௌல் மாதிரி அதிகாரிகளுக்குப் பதவி உயர்வு கொடுத்த விதம். கௌல் நேருவுக்கு நெருக்கமானவர். உழைப்பாளி, வேகமா வேலையை முடிக்கிறவர்னு பேரு உண்டு. போர்க்களத்துல ஒரு படைப்பிரிவை நடத்தின அனுபவம் மட்டும் கிடையாது. நேரு திம்மையாவைக் கூப்பிட்டுப் பேசி ராஜினாமாவைத் திரும்ப வாங்க வச்சார். செப்டம்பர் 2ஆம் தேதி நாடாளுமன்றத்துல ராணுவம் மக்கள் அரசுக்குக் கட்டுப்பட்டதுன்னு பேசினார். அந்தக் கொள்கை ரொம்பச் சரி. அதுல நமக்கு மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா, தளபதி எழுப்பின கேள்விக்கு அது பதில் இல்ல.

1961 ஏப்ரல்ல ஆச்சார்ய கிருபளானி மக்களவையில எழுந்து மேனனை நேரா பிடிச்சார். ராணுவத்துல கோஷ்டி உண்டாக்குறீங்க, பதவி உயர்வுல உங்க இஷ்டத்துக்கு ஆளை மேல ஏத்துறீங்க, படையோட மன உறுதி குலையுதுன்னு. சபையில பரபரப்பு. அவ்வளவுதான். அடுத்த வருஷம் தேர்தல்ல மேனனை எதிர்த்து வடக்கு பம்பாயில நின்ன கிருபளானி தோத்தார். "மக்களே தீர்ப்பு சொல்லிட்டாங்க"ன்னு விஷயத்தை மூடிட்டாங்க.

இதுக்கு நடுவுல திம்மையா ஓய்வு பெற்றார். தனக்கு அடுத்து தோரட்டைப் போடுங்கன்னு அவர் பரிந்துரைத்தார். கிழக்குப் பகுதித் தளபதியா இருந்த தோரட், 1960லேயே 'லால் கிலா'ன்னு ஒரு பயிற்சி நடத்தி, சீனா தாக்கினா எப்படி வரும், நம்மகிட்ட என்ன குறையுதுன்னு காட்டினவர். தாப்பர்தான் தளபதி ஆனார். நேர்மையா ஒண்ணு சொல்லணும்: சீனியாரிட்டில தாப்பர்தான் மேல. விதிப்படி பார்த்தா தப்பே இல்ல. ஆனா கௌல் விஷயத்துல சீனியாரிட்டியைப் பார்க்கல, தோரட் விஷயத்துல மட்டும் பார்த்தாங்க. வேண்டியவருக்கு ஒரு அளவுகோல், வேண்டாதவருக்கு இன்னொண்ணு. நம்ம ஆபீஸ்ல அப்ரைசல் நேரத்துல பார்க்கிற அதே கதைதான். என்ன, அங்க இன்க்ரிமென்ட் போகும், இங்க உயிர் போகும்.

1962 அக்டோபர் ஆரம்பத்துல 4ஆவது கோர்னு புதுசா ஒரு படைத் தலைமையகம் உருவாக்கி கௌலை அதுக்குத் தளபதி ஆக்கினாங்க. மலை மேல போனவர் உடம்பு சரியில்லாம டெல்லிக்குத் திரும்பிட்டார். சீனா தாக்கின அன்னைக்கு அந்தக் கோரோட தளபதி டெல்லியில படுக்கையில இருந்தார். நம்காச்சுல பருத்தி உடுப்போட, குளிருக்குக் கம்பளி இல்லாம, போதிய தோட்டா இல்லாம நின்னவன் யாரோ ஒரு விவசாயி வீட்டுப் பையன். அந்தப் போர்ல அரசு கணக்குப்படி 1,383 பேர் செத்தாங்க.

கௌல் ஒருத்தர் சரியா இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம்னு நான் சொல்லல. ரோடு இல்ல, பணம் இல்ல, உளவுத் தகவல் சரியில்ல, அரசியல் கணிப்பு மொத்தமா தப்பு. மேனன் மேலயும் எல்லாப் பழியையும் போடறது நியாயம் இல்ல. பக்கத்துல ஆவடியில இருக்கே கனரக வாகனத் தொழிற்சாலை, அது 1961ல அவர் பாதுகாப்பு அமைச்சரா இருந்தப்போ உருவானதுதான். 1965ல 'விஜயந்தா' டாங்கி அங்கிருந்துதான் வெளியே வந்தது. உள்நாட்டிலேயே ஆயுதம் செய்யணும்னு பிடிவாதமா நின்ன மனுஷன் அவர். இதையும் சொல்லிட்டுத்தான் மத்ததைச் சொல்லணும்.

இப்போ கதையோட அடுத்த பாதி நம்ம தமிழ்நாட்டுல, நீலகிரில இருக்கு. குன்னூர் பக்கத்துல வெலிங்டன்ல ராணுவ அதிகாரிகளுக்கான கல்லூரி இருக்கு. 1961ல அதோட தலைவரா இருந்தவர் சாம் மானெக்‌ஷா. வாய்த்துடுக்கு ஜாஸ்தி. மேனனுக்கும் கௌலுக்கும் அவரைப் பிடிக்கல. தேசவிரோதமா பேசினார்னு அவர் மேல விசாரணை வச்சாங்க. ஆபீஸ்ல வெள்ளைக்கார வைஸ்ராய்கள் படம் மாட்டியிருக்கார்ங்கிறது வரைக்கும் குற்றச்சாட்டு! விசாரணை நடத்தின ஜெனரல் தௌலத் சிங், குற்றம் எதுவும் இல்லன்னு எழுதிக் கொடுத்தார். ஆனா மேல போற பாதை அடைச்சுப்போயிருந்தது. அப்புறம் தோல்வி வந்துச்சு. கௌல் போனார். அவர் விட்டுட்டுப் போன அதே 4ஆவது கோரை எடுத்து நடத்த யாரை அனுப்பினாங்க தெரியுமா? மானெக்‌ஷாவை. "தேசவிரோதி"ன்னு ஃபைல் போட்டவரைத்தான் தேசத்தைக் காப்பாத்தக் கூப்பிட வேண்டி வந்தது.

இன்னொருத்தர் பேரையும் நம்ம ஆளுங்க தெரிஞ்சு வச்சுக்கணும். திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலம் குடும்பத்துப் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம். அப்பா சுப்பராயன் சென்னை மாகாண முதலமைச்சரா இருந்தவர், பின்னாடி மத்திய அமைச்சர். தம்பி மோகன் குமாரமங்கலம். இப்படி ஒரு வீட்டுல பிறந்தவர் ராணுவத்துல மேல வந்தா "அப்பா செல்வாக்கு"ன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனா அவர் இரண்டாம் உலகப்போர்ல வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துல பீரங்கிப் படையில சண்டை போட்டு, வீரப் பதக்கம் வாங்கி, போர்க்கைதியா பிடிபட்டு மீண்டவர். 1966ல இந்திய ராணுவத்தோட தலைமைத் தளபதி ஆனார். பெரிய இடத்துப் பழக்கம் இருக்கிறது பிரச்சனை இல்லைங்க. அந்தப் பழக்கம் மட்டுமே தகுதி ஆகிறதுதான் பிரச்சனை.

அவருக்கு அடுத்து 1969ல மானெக்‌ஷா. 1971 டிசம்பர் 3ஆம் தேதி போர் தொடங்குச்சு.

இப்போ தேதியைக் கவனிங்க. மன்னர் மானிய ஒழிப்பு, அதாவது அரசியல் சட்டத்தோட 26ஆவது திருத்தம், மக்களவையில நிறைவேறினது டிசம்பர் 2. மாநிலங்களவையில நிறைவேறினது டிசம்பர் 9. நடுவுல போர் வந்துடுச்சு. யாரும் "போர் நேரத்துல இதெல்லாம் எதுக்கு"ன்னு ஒத்திவைக்கல. டிசம்பர் 8 ராத்திரி நம்ம கடற்படை ரெண்டாவது தடவையா கராச்சி துறைமுகத்தைத் தாக்குது. டிசம்பர் 9ஆம் தேதி கிழக்கே மேக்னா ஆற்றைத் தாண்ட ஹெலிகாப்டர்ல வீரர்களை இறக்க ஆரம்பிக்கிறாங்க. அதே நாள் டெல்லியில மாநிலங்களவை உட்கார்ந்து ராஜாக்களோட மானியத்துக்கு முடிவு கட்டுது. முதல் நாள்தான் சொத்துரிமை பற்றின 25ஆவது திருத்தத்தை நிறைவேத்தியிருந்தாங்க. ஏழை நாட்டுல ராஜாக்களுக்குப் படி அளக்கணுமாங்கிற கேள்வி சண்டைக்காகக் காத்திருக்கல.

மேக்னாவைத் தாண்டின அந்தப் படை எதுன்னு கேட்டீங்கன்னா உங்களுக்கு ஆச்சரியமா இருக்கும். அதே 4ஆவது கோர்! 1962ல தளபதி படுக்கையில இருந்த அதே கோர். 1971ல அதுக்குத் தளபதி சகத் சிங். போட்ட திட்டத்தையும் தாண்டி டாக்காவை நோக்கிப் போனவர். ஒன்பது வருஷத்துல சீருடை மாறல, நாடு மாறல. படைக்குப் பணமும் தயாரிப்பும் கூடியிருந்தது. யாரை எந்த நாற்காலியில உட்கார வைக்கிறோம்ங்கிறதும் மாறியிருந்தது.

நம்ம கழகம் இதுல எங்க நின்னுச்சு? 1962ல பேரறிஞர் அண்ணா விலைவாசி உயர்வை எதிர்த்துப் போராடி வேலூர் சிறையில இருந்தார். வெளியே வந்ததும் திராவிட நாடு பிரச்சாரத்தை நிறுத்தி வச்சு, போர் முயற்சிக்கு முழு ஆதரவுன்னு அறிவிச்சார். வீடு இருந்தாத்தான் ஓடு மாத்த முடியும்ங்கிற நிலைப்பாடு. ஆனா 1963ல பிரிவினைத் தடைக்காக 16ஆவது திருத்த மசோதா வந்தப்போ, அதே அண்ணா மாநிலங்களவையில எழுந்து அதை எதிர்த்துப் பேசினார். நெருக்கடி நிலை அப்பவும் அமல்ல இருந்தது. போரை ஆதரிச்சவர், மசோதாவை எதிர்த்தார். இரண்டும் ஒரே மனுஷன், ஒரே நாட்டுப்பற்று.

ஏன் எதிர்க்கணும்? போர்க்காலத்துல சத்தமில்லாம போற சட்டம் பின்னாடி யார் மேல பாயும்னு தெரியாது. இந்தியப் பாதுகாப்புச் சட்டம் 1962 டிசம்பர் 12ஆம் தேதி அமலுக்கு வந்தது. சீனா சண்டையை நிறுத்தினது நவம்பர் 21. அதாவது சண்டை நின்னு மூணு வாரம் கழிச்சு சட்டம். 1962 அக்டோபர் 26ல அறிவிச்ச நெருக்கடி நிலை 1968 ஜனவரி 10 வரைக்கும் நீடிச்சது. ஒரு மாசப் போருக்கு அஞ்சு வருஷத்துக்கு மேல நெருக்கடி! 1965 பிப்ரவரியில இந்தி எதிர்ப்புப் போராட்டத்துக்காகத் தலைவர் கலைஞரைக் கைது பண்ணி, பாளையங்கோட்டை சிறையில தனியா அடைச்சப்போ பயன்பட்டது இந்தப் பாதுகாப்புச் சட்டம்தான். சீனாக்காரனைத் தடுக்கன்னு சொல்லிக் கொண்டுவந்தது, தமிழ் வேணும்னு சொன்னவங்க மேல பாஞ்சது.

பழைய கதைன்னு நினைக்காதீங்க. நம்ம ஏரியாவுக்கே வர்றேன். 2021ல பாதுகாப்புத் தொழிற்சாலைகளைக் கார்ப்பரேஷன் ஆக்குறதை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம்னு அறிவிச்சாங்க. ஆவடியில எவ்வளவு குடும்பம் அதை நம்பி இருக்குன்னு உங்களுக்கே தெரியும். பூந்தமல்லி, திருவேற்காடு, பட்டாபிராம் பக்கம் எந்தத் தெருவுல கேட்டாலும் ஒரு கனரகத் தொழிற்சாலை வீடு இருக்கும். உடனே ஒன்றிய அரசு அத்தியாவசியப் பாதுகாப்புப் பணிகள் அவசரச் சட்டம் போட்டது. வேலைநிறுத்தம் பண்ணினா சிறை. காரணம்னு எழுதினதுல ஒண்ணு, வடக்கு எல்லையில நிலவுற சூழ்நிலை. ஆகஸ்ட் 3ஆம் தேதி மக்களவை, 5ஆம் தேதி மாநிலங்களவை. பெகாசஸ் அமளிக்கு நடுவுல, உருப்படியான விவாதமே இல்லாம நிறைவேத்தினாங்க. ஒரு வருஷத்துக்குத்தான்னு காலவரம்பு போட்டாங்க, சரி. அந்த ஒரு வருஷம் அவங்களுக்குப் போதுமே! அக்டோபர் 1ஆம் தேதி ஆவடி தொழிற்சாலை நிறுவனத்துக்குக் கைமாறிடுச்சு. 1971ல குண்டு விழுந்துக்கிட்டு இருக்கும்போது ராஜாக்கள் மானியத்தைப் பற்றி விவாதிச்ச நாடாளுமன்றம்தான் இது. தொழிலாளி வேலைநிறுத்த உரிமைக்கு ஒரு மணி நேரம் ஒழுங்கா கிடைக்கல.

பதவி உயர்வு விஷயம் இன்னைக்கு எப்படி நடக்குதுன்னு சுருக்கமா சொல்லிடறேன். கர்னலுக்கு மேல எல்லாமே தேர்வு வாரியம் வழியாத்தான். லெப்டினன்ட் கர்னல்ல இருந்து கர்னல் ஆக 3ஆம் எண் வாரியம், பிரிகேடியருக்கு 2ஆம் எண், மேஜர் ஜெனரலுக்கு 1ஆம் எண். தலைமைத் தளபதியை அமைச்சரவையோட நியமனக் குழு முடிவு பண்ணும். அமெரிக்காவுல ஜெனரல்கள் பதவி உயர்வு ஒவ்வொண்ணும் செனட் ஒப்புதலுக்குப் போகணும். 2023ல ஒரே ஒரு செனட்டர், ராணுவத்துக்குச் சம்பந்தமில்லாத கருக்கலைப்பு விவகாரத்துக்காக, நானூறுக்கும் மேற்பட்ட அதிகாரிகளோட உயர்வை மாசக்கணக்கா நிறுத்தி வச்சார். அந்த முறை நமக்கு வேணும்னு நான் சொல்லல. அது இன்னொரு கூத்து. நம்ம நாட்டுல எம்பி பெயரை ஓட்டுக்கு விட மாட்டார். ஆனா விதி என்ன, அதை மாத்தினீங்களா, ஏன் மாத்தினீங்கன்னு கேட்கலாம். பாதுகாப்புக்கான நிலைக்குழு கேட்கலாம். கேட்டுக்கிட்டே இருக்கணும்.

கேட்காம விட்டா என்ன ஆகும்னு பரங்கிமலைக்குப் போய்ப் பாருங்க. 1962 தோல்விக்கு அப்புறம் அவசரமா அதிகாரிகள் வேணும்னு 1963ல அங்க பயிற்சிப் பள்ளி தொடங்கினாங்க. 1992ல இருந்து பெண் அதிகாரிகளும் அங்க பயிற்சி எடுக்கிறாங்க. ஆண்களோட சேர்ந்து ஓடி, அதே துப்பாக்கியைத் தூக்கினவங்க. ஆனா அவங்களுக்கு நிரந்தரப் பணியும் தலைமைப் பொறுப்பும் கிடைக்க 2020 பிப்ரவரி 17 வரைக்கும், உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரைக்கும் காத்திருக்க வேண்டி வந்தது. கிராமத்துல இருந்து வர்ற ஆண் சிப்பாய்கள் பெண் சொல்ற கட்டளையை ஏத்துக்க மாட்டாங்கன்னு ஒன்றிய அரசு கோர்ட்டுல எழுதிக் கொடுத்தது! நம்ம கிராமத்து அம்மாக்கள் சொல்றதைக் கேட்காம எந்தப் பையன் வளர்ந்தான்? 2023 ஜனவரியிலதான் சிறப்பு வாரியம் கூட்டி, 108 இடங்களுக்குப் பெண் அதிகாரிகளைக் கர்னல் பதவிக்குத் தேர்வு செஞ்சாங்க. 28 வருஷம் நாடாளுமன்றம் தீர்த்திருக்க வேண்டியதை நீதிமன்றம் தீர்த்தது.

1962 தோல்வி பற்றி ராணுவமே விசாரிச்சு எழுதின ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை இன்னும் எந்த அரசும் முழுசா வெளியிடல. காங்கிரசும் வெளியிடல, பாஜகவும் வெளியிடல. எதிர்க்கட்சியா இருக்கும்போது கேட்டவங்க, ஆட்சிக்கு வந்ததும் பூட்டு சரியா இருக்கான்னுதான் பார்த்தாங்க.

அடுத்த தடவை அந்த ஃபார்வர்டு வந்தா திட்டிப் பதில் போட வேண்டாம். 1962 நவம்பர் 8, வாஜ்பாய், நேரு, 165 பேர். இதை மட்டும் போடுங்க. அந்த விவாதம் முழுசும் நாடாளுமன்ற மின் நூலகத்துல இருக்கு, யார் வேணும்னாலும் எடுத்துப் படிக்கலாம். 16ஆவது திருத்தத்து மேல அண்ணா பேசினதும் மாநிலங்களவைப் பதிவுல ஆங்கிலத்துல இருக்கு. நம்ம அணியில அதைச் சின்னச் சின்ன காணொளியா தமிழ்ல கொண்டு வரலாம்னு பேசிக்கிட்டு இருக்கோம். ஆங்கிலம் நல்லா வர்ற தோழர்கள் ரெண்டு பேர், எடிட்டிங் தெரிஞ்ச ஒருத்தர் தேவைப்படுது. பூந்தமல்லி, திருமழிசை, ஆவடி பக்கம் இருக்கிறவங்க உங்க ஒன்றிய, நகர ஒருங்கிணைப்பாளர்கிட்ட பேர் கொடுங்க. ஆவடி தொழிற்சாலையில வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவங்க உங்க வீட்டுல இருந்தா, 1965ல டாங்கி வெளியே வந்த கதையைக் கேட்டு போன்லயே பதிவு பண்ணி அனுப்புங்க. அதையும் சேர்த்துக்கலாம்.